கழல மறுக்கும் எக்ஸாஸ்ட் டிப்: படகுக்குக் காயம் படாமல் எடுப்பது எப்படி?

விரைவுப் படகின் பின்சுவரில் பளபளப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வாய்களை ஒர்க்‌ஷாப்பில் 'டிப்' என்பார்கள். எஞ்சினின் புகையும், அதைக் குளிர்விக்கக் கலந்த தண்ணீரும் அந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன. புதிய டிப் மாட்டுவதற்கும், ஹோஸ் மாற்றுவதற்கும், பின்சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கும் பழையதைக் கழற்றியாக வேண்டும். அரை மணி நேர வேலை என்று ஒப்புக்கொண்டு, சாயங்காலம் வரை சுத்தியலோடு நிற்பவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

மயாமியிலிருந்து துபாய், தோஹா வரை எந்த மரினா ஒர்க்‌ஷாப்பானாலும் இந்த வேலை ஒரே மாதிரிதான். வளைகுடாவில் படகு மெக்கானிக்காகவும் ஹெல்ப்பராகவும் வேலை பார்க்கும் நம் இளைஞர்களுக்கு இது அடிக்கடி வரும். புதிதாகச் சேர்ந்தவரின் கைத்திறனை ஃபோர்மேன் எடைபோடுவதும் இப்படிப்பட்ட வேலைகளில்தான். எஞ்சினைப் பிரித்துப் பூட்டப் பலருக்குத் தெரியும். இறுகிப்போன ஒன்றை எதையும் உடைக்காமல் வெளியே எடுக்கச் சிலருக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு விதியை மனத்தில் வையுங்கள். டிப்பைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று தெரியும்வரை பலத்தைக் காட்டாதீர்கள். டிப் கெட்டால் வேறு வாங்கிவிடலாம். ட்ரான்ஸம் எனப்படும் அந்தப் பின்சுவர் விரிசல் விட்டால், அந்தச் செலவுக்கு முன்னால் டிப்பின் விலை ஒன்றுமே இல்லை.

பிடித்திருப்பது யார்?

டிப்பைப் பிடித்துவைக்கக்கூடியவை நான்கு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, உள்ளே இருக்கும் ரப்பர் ஹோஸ். வெப்பத்திலும் நாள்பட்ட இறுக்கத்திலும் அது குழாயோடு ஒட்டிப்போய்விடுகிறது. வெளியே நின்று டிப்பை ஆட்டுகிறவர் சீலன்ட் பிடித்திருக்கிறது என்று நினைப்பார்; உண்மையில் ஹோஸ்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, நட்டும் மரையும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைத் திருகும்போது உரசலில் இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று கவ்வி ஒட்டிக்கொள்ளும். இது துரு இல்லாமலே நடக்கும். வேகமாகத் திருகத் திருக இன்னும் இறுகும்.

மூன்றாவது, சீலன்ட். த்ரீ-எம் 5200 போன்ற பாலியூரிதேன் வகைகள் நிரந்தரமாக ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. அதைப் போட்டு ஒட்டிய டிப்பை வெறுமனே இழுத்தால், சில சமயம் சீலன்ட் விடாது. படகின் வெளிப்பூச்சான ஜெல்கோட் பெயர்ந்து கையோடு வரும்.

நான்காவது, அரிப்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். சீலன்ட்டுக்கும் டிப்பின் தட்டையான விளிம்பான ஃபிளாஞ்சுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றுப் படாமல் இருக்கும் இடத்தில் படலம் அழிந்து உலோகம் குழிவிழுகிறது. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிபட்டு, வெள்ளைப் பொடியாக உப்பி, இரண்டையும் ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடும்.

படகு எந்தத் தண்ணீரில் ஓடியது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மிசௌரி மாநிலத்து லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் போன்ற நன்னீர் ஏரியில் ஓடிய படகின் நட்டு பெரும்பாலும் கைக்கு அடங்கும். மயாமிக் கடலிலோ பாரசீக வளைகுடாவிலோ கிடந்த படகென்றால் வேலை நேரத்தைக் கூட்டியே சொல்லுங்கள்.

கருவியைத் தொடும் முன்

இந்த வகைப் படகுகளில் பெரும்பாலானவை பெட்ரோல் எஞ்சின் கொண்டவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்திருந்தாலே அது தீப்பற்றப் போதும். ஹீட் கன்னின் வாயில் வரும் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கிரைண்டர் பொறி கக்கும். சாதாரண பேட்டரி டிரில்லின் மோட்டாருக்குள்ளும் பொறி உண்டு. ஆகவே:

- படகு கரையில், டிரெய்லரிலோ ஸ்டாண்டிலோ இருக்க வேண்டும். பல படகுகளில் டிப்பின் ஓட்டை நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. மிதக்கும் படகில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.
- எரிபொருள் வால்வை மூடுங்கள். எஞ்சின் மூடியைத் திறந்து வையுங்கள். பில்ஜ் புளோயரை நன்றாக ஓடவிட்டு, ஆவி வெளியேறிய பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.
- மூக்கை நம்பாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் கேஸ் டிடெக்டர் இருந்தால் அடிப்பகுதியில் இறக்கிப் பாருங்கள். பெட்ரோல் ஒழுகிய அடையாளம் தெரிந்தால், அதைச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை.
- அசிட்டோன் திறந்திருக்கும் இடத்தில் சூடு கூடாது. அது உறைநிலைக்கும் கீழான குளிரிலேயே தீப்பற்றும் ஆவியை விடும்.
- தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடி, கையுறை, தூசிக்கும் ஆவிக்கும் ஏற்ற முகக்கவசம் மூன்றும் கட்டாயம். பாலியூரிதேன் கருகினால் வரும் புகையில் ஐசோசயனேட் இருக்கும்; அது நுரையீரலைக் கெடுக்கும்.

"சீக்கிரம் முடி" என்று யார் அவசரப்படுத்தினாலும் இதில் ஒன்றைக்கூட விடாதீர்கள். வேலை நாளைக்கும் இருக்கும். கைகால் முழுதாக இருந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

உள்ளே இறங்கிப் பாருங்கள்

வெளியே நின்றபடி தீர்மானிக்கக் கூடாது. எஞ்சின் அறைக்குள் இறங்கி டார்ச்சும் சிறு கண்ணாடியும் கொண்டு டிப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். கை போகாத இடத்துக்கு, போனில் இணைக்கும் குழாய்க் கேமரா உதவும். படம் எடுத்து வையுங்கள்.

மூன்று அமைப்புகளில் ஒன்றைப் பார்ப்பீர்கள். ஒன்று, ஃபிளாஞ்சில் போல்ட் அல்லது ஸ்டட் வைத்து உள்ளே நட்டுப் போட்டது. இரண்டு, குழாயின் உடம்பிலேயே மரை வெட்டி, உள்ளே ஒரு பெரிய வளைய நட்டால் இறுக்கியது. மூன்று, பின்சுவரில் நிற்கும் குழாயின் மேல் டிப்பைச் செருகி, ஆலன் கீயால் திருகும் சிறு கிரப் ஸ்க்ரூவால் பூட்டியது. இந்த மூன்றாவது வகையில் ஸ்க்ரூ பெரும்பாலும் டிப்பின் அடிப்பக்கத்தில், உப்பும் கரியும் மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்தால்தான் தென்படும். ஸ்க்ரூ இருப்பது தெரியாமலே இழுத்துக் குழாயை வளைப்பது நடக்கிற தவறுதான்.

படி 1: ஹோஸை விடுவியுங்கள்

பெரிய வி-8 எஞ்சின்களில் 4 அங்குல ஹோஸ் சாதாரணம். கிளாம்ப்புகளைத் தளர்த்தி ஹோஸின் மேல் தள்ளிவிடுங்கள். துருப்பிடித்த கிளாம்ப்பை வெட்டியெறியுங்கள். அதைக் காப்பாற்றுவதில் அர்த்தமில்லை. பிறகு மழுங்கிய கொக்கி ஊசியை ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டுச் சுற்றிலும் ஓட்டி, சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். இரண்டு கையாலும் திருகினால் பெரும்பாலும் விடும்.

விடாவிட்டால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். கல்லாக இறுகிய ஹோஸை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். கீறும்போது கத்தி குழாயில் கோடு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்தக் கோட்டின் வழியாகத்தான் தண்ணீர் கசியும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புவதும், பைப் ரிஞ்சால் ஹோஸைப் பிடித்து முறுக்குவதும் வேண்டாம். அந்த விசை நேராக ஃபைபர் எல்போவுக்கும் மஃப்ளருக்கும் போய் விரிசல் விடும்.

படி 2: நட்டோடு பொறுமை

முதல் நாள் மாலையே துருவிளக்கி எண்ணெயை மரையின் மேல் மட்டும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எங்கும் பீய்ச்சியடித்தால் ஃபைபரிலும், உள்ளே மரப்பலகை இருந்தால் அதிலும் எண்ணெய் ஊறும். பின்னால் போடும் புதிய சீலன்ட் அங்கே ஒட்டாது.

மறுநாள் ஆறு பக்கம் கவ்வும் சாக்கெட்டை மாட்டுங்கள். பன்னிரண்டு முனைச் சாக்கெட் நட்டின் மூலையை உருட்டிவிடும். முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு. பிறகு கழற்றும் திசையில் கால் சுற்று. மறுபடி கொஞ்சம் இறுக்கம். ஒரு சொட்டு எண்ணெய். இந்த முன்னும் பின்னுமான ஆட்டம்தான் மரையில் அடைந்த உப்பைப் பொடியாக்கி வெளியேற்றும். இம்பாக்ட் கன் வேண்டாம். அதன் வேகத்தில் எழும் சூடே ஸ்டெயின்லெஸ் மரையைப் பற்றவைத்தது போல் ஒட்டிவிடும்.

நட்டு நகராவிட்டால் நட் ஸ்பிளிட்டரால் பிளந்துவிடுங்கள்; பொறி வராது. ஸ்க்ரூவின் தலை போய்விட்டால் இடதுபக்கம் சுழலும் டிரில் பிட் வாங்குங்கள். துளைக்கும்போதே ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு வரும் வாய்ப்பு உண்டு. ஸ்டெயின்லெஸ்ஸில் கோபால்ட் பிட், மெதுவான வேகம், அழுத்தம், கட்டிங் ஆயில் நான்கும் சேர வேண்டும். வேகமாகச் சுழற்றி மேலோட்டமாக உரசினால் அந்த இடம் கெட்டிப்பட்டு, அதற்குப் பிறகு எந்த பிட்டும் இறங்காது.

படி 3: சீலன்ட்டை அறுங்கள்

நட்டும் ஹோஸும் போன பிறகும் டிப் அசையவில்லையென்றால் சீலன்ட்தான் மிச்சம். ஃபிளாஞ்சைச் சுற்றி ஜெல்கோட்டின் மேல் நல்ல டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஜெல்கோட்டின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். கத்தி ஒருமுறை வழுக்கினால் போதும்.

விளிம்பில் தெரியும் சீலன்ட்டைக் கூர்மையான பிளேடால் சுற்றிக் கீறுங்கள். டிபாண்ட் போன்ற சீலன்ட் இளக்கும் மருந்தை அந்தக் கீறலில் விட்டு, டப்பாவில் சொன்ன நேரம் காத்திருங்கள். பிறகு மெல்லிய கிடார் கம்பியின் இரண்டு முனைகளிலும் மரக்கைப்பிடி கட்டி, ஃபிளாஞ்சுக்குப் பின்னால் நுழைத்து, இங்கும் அங்குமாக இழுத்து அறுங்கள். போல்ட் வரும் இடங்களில் கம்பி தடைபடும். அங்கே மட்டும் மெல்லிய பட்டிக் கத்தியால் வேலை செய்யுங்கள்.

இடைவெளி திறந்ததும் பிளாஸ்டிக் அல்லது மர ஆப்புகளை எல்லாப் பக்கமும் சமமாகச் செருகுங்கள். ஒரே பக்கம் நெம்பாதீர்கள். அந்த இடத்து ஃபைபர் உள்ளே அமுங்கும். ஆப்பை வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். பாலியூரிதேன் திடீர் இழுப்புக்கு ரப்பராக நின்று எதிர்க்கும். தொடர்ந்த மெல்லிய அழுத்தத்துக்குத்தான் மெதுவாக விட்டுக்கொடுக்கும்.

டிப்பின் ஃபிளாஞ்ச் வட்டமாக இருந்து எல்லா போல்ட்டும் கழன்றிருந்தால், ரப்பர் பட்டை ரிஞ்சால் திருகிப் பாருங்கள். நேர் இழுப்பைவிடத் திருகலுக்கு சீலன்ட் சீக்கிரம் அறும். ஸ்டட் உள்ள டிப்பைத் திருகவே கூடாது, ஓட்டைகள் கிழியும்.

படி 4: சூடு, அளவோடு

சூடு சீலன்ட்டை இளக்கும். அதே சூடு ஜெல்கோட்டையும் பாலியஸ்டர் ரெசினையும் இளக்கும். உலோகத்தில் மட்டும் காற்றைக் காட்டுங்கள். ஜெல்கோட்டில் 60 டிகிரி செல்சியஸை எட்டும் முன் நிறுத்துங்கள். கேஸ் டார்ச்சுக்கு இந்த வேலையில் இடமே இல்லை.

லேசர் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பளபளக்கும் ஸ்டீலில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் அளந்தால் சரியான கணக்கு வரும்.

செருகு வகை டிப்பில் சூட்டின் திசை முக்கியம். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் வளையம் 60 டிகிரி சூடேறினால் சுமார் 0.1 மில்லிமீட்டர் விரியும். வெளி வளையம் மட்டும் சூடேறினால் அந்த இடைவெளி உங்களுக்குச் சாதகம். உள்ளே இருப்பது அலுமினியக் குழாய் என்றால் அவசரம் தேவை. அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும். இரண்டும் சூடேறும்வரை காத்திருந்தால் இறுக்கம் கூடிவிடும். வெளியே சட்டென்று சூடு காட்டி, உள்ளே ஈரத்துணி வைத்து, உடனே திருகுங்கள்.

படி 5: இழுத்தெடுப்பது

சுத்தியலை எடுக்கும் ஆசை வரும் இடம் இது. அதற்கு முன் ஒரு திருகு இழுவையைச் செய்துபாருங்கள். டிப்பின் உள்முனையில் உட்காரும் அளவுக்கு ஒரு கனமான பலகையோ தகடோ வெட்டுங்கள். நடுவே நீண்ட மரைக்கம்பியை விட்டு, டிப்பின் வழியாக வெளியே கொண்டுவாருங்கள். வெளியே ஒரு மரச்சட்டத்தைக் குறுக்காக வைத்து, அதன் இரண்டு முனைகளின் கீழும் கம்பளத் துண்டு போட்ட கட்டைகளைக் கொடுங்கள். கட்டைகள் டிப்பிலிருந்து தள்ளி, பின்சுவரின் உறுதியான பகுதியில் உட்கார வேண்டும். பிறகு நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு சுற்று, ஒரு இடைவேளை. சுவர் வளைவது கண்ணுக்குத் தெரிந்தால் உடனே நிறுத்தி, சீலன்ட் அறுப்புக்குத் திரும்புங்கள். எங்கோ ஒரு போல்ட்டோ சீலன்ட் பட்டையோ இன்னும் விடவில்லை.

தட்டித்தான் ஆக வேண்டுமென்றால் உள்ளேயிருந்து, மரக்கட்டை வைத்து, சுற்றிச் சுற்றி இலேசாகத் தட்டுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்கும் அடி குழாயை முட்டை வடிவாக்கிவிடும். அதன் பிறகு அது எந்த வழியிலும் வராது.

படி 6: கடைசி வழி வெட்டுவது

எல்லாம் செய்தும் வராத டிப்பைத் தியாகம் செய்துவிடலாம். குழாயின் உள்பக்கமிருந்து ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் இரண்டு கோடு போட்டு, அந்தத் துண்டை உள்நோக்கி மடக்கினால் குழாய் சுருங்கி இளகும். ஃபைபரைத் தொடும் முன் பிளேடை நிறுத்துங்கள். இதைத் தொடங்கும் முன் உரிமையாளரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். அதே அளவில் புதிய டிப் கிடைக்கும் என்பதையும் முன்னரே உறுதிசெய்யுங்கள். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஓட்டையைப் பார்க்காமல் மூடாதீர்கள்

டிப் வந்துவிட்டது என்று வேலையை முடித்துவிடாதீர்கள். இந்த ஓட்டையின் விளிம்பு அடிக்கடி பார்க்கக் கிடைக்காத இடம். பல படகுகளில் பின்சுவருக்குள் பிளைவுட் இருக்கிறது. விளிம்பு கறுத்து, ஈரமாக, விரலால் அமுக்கினால் பஞ்சாக இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். பிளாஸ்டிக் சுத்தியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்றும், ஊறிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும். அதை மறைத்து மூடாமல் உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

விளிம்பு நன்றாக இருந்தால் எபாக்ஸி பூசி மரத்தின் வாயை அடைத்துவிடுங்கள். டிப் செய்த கம்பெனி சொல்லும் சீலன்ட்டைப் போடுங்கள். எதுவாயினும் கழற்றக்கூடிய வகையாக இருக்கட்டும். நிரந்தரப் பசை வேண்டாம். மரைகளில் டெஃப்-ஜெல் போன்ற களிம்பைத் தடவுங்கள். அடுத்த முறை கழற்றப்போவது நீங்களாகவே இருக்கலாம்.

ஹோஸ் விஷயத்தில் சமரசமே கூடாது. படகு எக்ஸாஸ்ட்டுக்கென்றே தயாரான, எஸ்ஏஇ ஜே2006 முத்திரை உள்ள ஹோஸை மட்டும் போடுங்கள். ஒவ்வொரு முனையிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இரண்டு கிளாம்ப். இந்த இணைப்பு கசிந்தால் வருவது தண்ணீர் மட்டுமில்லை. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் படகுக்குள் வரும். அது தூங்குகிறவரை எழுப்பாமலே கொல்லும். டிப்பிலோ ஹோஸிலோ ரப்பர் ஃபிளாப்பர் இருந்தால் அதையும் பாருங்கள். அது கிழிந்தால் அலை உள்ளே ஏறி எஞ்சினுக்குள் தண்ணீர் போக வாய்ப்புண்டு. கடைசியில் எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்து ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

விலை சொல்வதும் ஒரு திறமை

இறுகிய பொருளுக்கு ஒரே விலை சொல்லாதீர்கள். மூன்று கட்டமாகச் சொல்லுங்கள்: சாதாரணமாகக் கழன்றால் இவ்வளவு, சீலன்ட்டை அறுத்தெடுக்க வேண்டியிருந்தால் இவ்வளவு, வெட்டினால் புதிய டிப் சேர்த்து இவ்வளவு. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் போன் செய்யுங்கள். "சார், ஹோஸும் நட்டும் கழற்றியாச்சு, சீலன்ட்தான் பிடிச்சிருக்கு. படம் அனுப்பியிருக்கேன், பார்த்துட்டுச் சொல்லுங்க" என்ற இரண்டு வரி, பில் கொடுக்கும்போது வரும் சண்டையைத் தவிர்க்கும்.

இந்தத் துறையில் மேலே போக விரும்புகிறவர்கள் அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஏபிஒய்சி எனப்படும் இது 1954இல் தொடங்கியது. எக்ஸாஸ்ட் அமைப்புக்கென்று பி-1, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிக்கென்று ஏ-24 என அதன் தரவிதிகள் தனித்தனியே உண்டு. மெக்கானிக்குகளுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழும் தருகிறது. ஐடிஐ படித்துவிட்டுப் படகு வேலைக்குப் போனவர்களுக்கு, கைப்பழக்கத்தோடு இந்த விதிகளைப் படித்த அறிவும் சேர்ந்தால் ஹெல்ப்பர் நிலையிலிருந்து டெக்னீஷியன் நிலைக்கு உயர வழி திறக்கும்.

செய்த ஒவ்வொரு வேலையையும் முன், பின் படங்களோடு போனில் தனி ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். அடுத்த நேர்காணலில் அதைக் காட்டுங்கள். இறுகிய டிப்பை ஜெல்கோட்டில் கீறல் விழாமல் எடுத்த படம், "எனக்கு எல்லா வேலையும் தெரியும்" என்ற வாய்ச்சொல்லைவிட வலுவான சான்று. அடுத்த முறை ஒரு டிப் கழல மறுத்தால் சுத்தியலைக் கீழே வையுங்கள்; டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்குங்கள்.